உங்களுக்குத் தெரியுமா? – பாட்டோடு ஓடும் வீட்டுப் படங்கள்

அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம், பரமகல்யாணி கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களின் கூடுகை என்று ஆழ்வார்குறிச்சிப் பக்கம் எந்த விசேஷம் வந்தாலும், "பழைய போட்டோவையெல்லாம் சேத்து, பாட்டுப் போட்டு ஒரு டிவிடி செஞ்சிரணும்" என்று வீட்டில் ஒருவர் கிளம்பிவிடுகிறார். இந்த வேலைக்கு முதன்முறையாக உட்காருகிறவர்களுக்காகத் திரட்டியவை இவை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மென்பொருளே சொல்லிவிடும். அது சொல்லாதவற்றைத்தான் இங்கே கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

★ படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, கூடவே பாட்டும் வசனமும் சேர்ப்பது நம் நாட்டில் சினிமாவுக்கும் முந்தியது. மும்பைக்குப் பக்கத்தில் உள்ள கல்யாண் ஊரைச் சேர்ந்த மகாதேவ் கோபால் பட்வர்த்தன், கண்ணாடித் துண்டுகளில் கையால் தீட்டிய ராமாயணக் காட்சிகளை விளக்கொளியில் திரையில் விழவைத்து, பாட்டோடு கதை சொன்னார். ஆண்டு 1892. 'சாம்பரிக் கரோலிகா' என்று அதற்குப் பெயர். லூமியேர் சகோதரர்களின் படம் பம்பாய்க்கு வந்தது 1896 ஜூலையில்தான். அந்த விளக்குக் கருவியின் மூலம் இன்னும் பழையது: டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659 வாக்கிலேயே அதை வரைந்து வைத்திருக்கிறார்.

★ முழுக்க நிழற்படங்களாலேயே ஆன சினிமாவும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த 'லா ஜெட்டே' 28 நிமிடம் ஓடும். அசையும் காட்சி அதில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் நிற்கிற படங்கள், குரல், இசை. நிழற்படத் தொகுப்பு என்றாலே சலிப்பூட்டும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டிய படம்.

★ பக்கத்து ஊர் கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபின் பாரதி 1918 முதல் 1920 வரை அங்கேதான் குடியிருந்தார். அந்தக் கடைய நாட்களில், 1919இல், காரைக்குடிக்குப் போயிருந்தபோது எடுத்த படங்கள் இன்று நாடறிந்தவை. நமக்குக் கிடைத்துள்ள பாரதியின் அசல் படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்தச் சில படங்களை வைத்துத்தான் முண்டாசையும் மீசையையும் பார்வையையும் நூறு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறோம். உங்கள் கைப்பேசியில் ஒரு கல்யாணத்துக்கே இரண்டாயிரம் படம் கிடக்கும். அதில் எழுபதைப் பொறுக்கி எடுப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. ஒரே காட்சியில் நாலு படம் இருந்தால் கண் திறந்திருக்கும் ஒன்றை எடுங்கள், மூன்றை விடுங்கள். மனம் வராதுதான், ஆனால் விட்டே ஆகவேண்டும்.

★ எத்தனை படம் என்பதைப் பாட்டே சொல்லிவிடும். பாட்டு 4 நிமிடம் என்றால் 240 விநாடி. படம் ஒன்றுக்கு 5 விநாடி கொடுத்தால் 48 படம். ஒன்று மறைந்து அடுத்தது தோன்றும் அந்த ஒரு விநாடியில் இரண்டு படங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால், ஏறத்தாழ 60 படம் கொள்ளும். கூட்டமாக நிற்கிற குடும்பப் படத்துக்கு மட்டும் 8 முதல் 10 விநாடி கொடுங்கள். இருபது முகத்தில் தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வயதானவர்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

★ ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 8 அட்சரம். நிமிடத்துக்கு 96 அட்சரம் ஓடும் வேகத்தில் பாடினால் ஓர் ஆவர்த்தனம் சரியாக 5 விநாடி! படத்தை ஒவ்வொரு முறையும் சமத்தில் மாற்றிப் பாருங்கள். சங்கீதம் தெரியாதவருக்கும், ஏதோ ஒன்று பொருந்தி வருகிறது என்பது பார்த்த உடனே புரியும். சரணத்துக்கு முந்தைய இசைத்துண்டில் ஊர்ப் படங்களையும், வரி தொடங்கும்போது ஆட்களின் முகங்களையும் வைத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

★ "பழைய படம், சின்னப் படம், டிவியில் தெளிவாகத் தெரியாது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் நாட்டு முறையில் தயாராகும் டிவிடியின் ஒரு சட்டகம் 720க்கு 576 புள்ளிதான். மொத்தம் 4,14,720 புள்ளி. நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் அதைப்போல ஏறத்தாழ 29 மடங்கு. தபால் அட்டை அளவுப் படத்தை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தாலே டிவிடிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கிடைத்துவிடும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 600 போதும். குரூப் போட்டோவில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் தெரிகிற முகத்தைத் தனியே எடுக்கவேண்டுமா? 1200 வையுங்கள், அந்த ஒரு சென்டிமீட்டரில் 470 புள்ளிக்கு மேல் கிடைக்கும். அச்சு நன்றாக இருந்தால், வேறெங்கும் படமே இல்லாத ஓர் ஆச்சியின் முகம் இப்படித்தான் திரைக்கு வரும்.

★ தார்சாவிலும் பட்டாசலிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஐம்பது வருடமாகச் சுவரில் தொங்கிய படத்தில், ஈரம் ஏறி, போட்டோவின் முகப்பு கண்ணாடியோடு ஒட்டியிருக்கலாம். பின்பக்கத்து ஆணியை நெம்பி, அட்டையை எடுத்து, தாளை உரித்தால் முகத்தின் ஒரு பகுதி கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதைத் திரும்பச் சேர்க்க எந்த மென்பொருளாலும் ஆகாது. கழற்றவே வேண்டாம். சட்டத்தோடு இறக்கி, பொட்டு, மஞ்சள், விபூதித் தூசியைக் கண்ணாடியின் மேல் மட்டும் மென்மையான துணியால் துடைத்துவிட்டு, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் திண்ணையிலோ வாசல் ஓரத்திலோ சாய்த்து நிறுத்துங்கள். கைப்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவமும் எதிர்வீடும் தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியில் காமிரா அளவுக்குத் துளைபோட்டு, அதை உங்களுக்கும் படத்துக்கும் நடுவே பிடிக்கச் சொல்லுங்கள். பிரதிபலிப்பு போய்விடும். கைப்பேசி படத்துக்கு நேர் எதிரே, சாயாமல் இருக்கவேண்டும். சாய்ந்தால் சட்டத்தின் ஒரு பக்கம் குறுகி, மனிதர்களும் குறுகிப்போவார்கள். மிக நெருங்காமல், ஓரடி தள்ளி நின்று எடுத்தால் வளைவும் வராது.

பசை தடவிய பக்கங்களின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் எண்பதுகளின் ஆல்பங்களுக்கும் இதே விதிதான். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

★ படத்தின் பின்புறத்தையும் எடுத்து வையுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் என்று வேறெங்கும் கிடைக்காத செய்தி அங்கேதான் இருக்கும்.

★ தேதி இல்லாத படத்துக்குக் காலம் கண்டுபிடிக்க ஊரே உதவும். ஆழ்வார்குறிச்சி தென்காசி மாவட்டத்துக்குப் போனது 2019 நவம்பரில். அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டம். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமான பிறகு, 1997 வரை நம் மாவட்டத்தின் பெயரோடு கட்டபொம்மனும் சேர்ந்திருந்தார். ஆகவே கல்யாணப் பத்திரிகையிலோ பெயர்ப்பலகையிலோ 'கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருந்தால் அந்தப் பத்துப் பதினோரு ஆண்டுகளுக்குள் எடுத்தது. ரயிலடியில் எடுத்த படத்தில் தண்டவாளம் மீட்டர் கேஜ் என்றால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நெல்லை–தென்காசிப் பாதை அகலமாகித் திறந்தது 2012இல். தலைப்பு எழுதும்போது படம் எடுத்த காலத்து ஊர், மாவட்டப் பெயரையே எழுதுங்கள்.

★ தமிழில் தலைப்புப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, 'கெ' உடைந்து தெரிகிறதா? சில பழைய மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. எளிய வழி ஒன்று இருக்கிறது. தலைப்பை வேறொரு செயலியில் தட்டி, அதையே ஒரு படமாகச் சேமித்து, மற்ற படங்களோடு சேர்த்துவிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஓரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள். பழைய குழாய் டிவிகள் படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும்.

என்ன எழுதுவது? 'இனிய நினைவுகள்' என்று மின்னும் எழுத்தில் போடுவதை நான் ஒப்புவதில்லை. பெயர் எழுதுங்கள். 'இடமிருந்து வலம்: பெரிய அத்தை, மயினி, கல்லிடைக்குறிச்சித் தாத்தா' என்று உறவை எழுதி, ஒவ்வொருவரின் இயற்பெயரையும் கூடவே எழுதுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பேரன் பார்க்கும்போது 'பெரிய அத்தை' யாருக்கு அத்தை என்று அவனுக்குத் தெரியாது, இயற்பெயர் இருந்தால்தான் பிடிபடும். இன்றைக்கு அந்தப் பெயர்களைச் சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்கிறார் என்றால், மற்ற வேலையைத் தள்ளிவைத்து முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.

★ நிற்கிற படத்தை மெல்ல நெருங்கியும் நகர்த்தியும் காட்டும் முறைக்கு 'கென் பர்ன்ஸ்' என்று மென்பொருள்களில் பெயர் இருக்கும். அவர் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990இல் வந்த அவருடைய தொடரால் இந்த முறை புகழ்பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 2003இல் ஐமூவியில் இதைச் சேர்த்தது. 1957இல் கனடாவில் வந்த 'சிட்டி ஆஃப் கோல்டு' என்ற குறும்படமே இதற்கு முன்னோடி. படம் பறப்பது, சுழல்வது, இதய வடிவில் வெடிப்பது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மெல்லிய நகர்வையும், ஒன்று கரைந்து மற்றது தோன்றுவதையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். நகர்வு முகத்தில் போய் முடியட்டும், முகத்தைவிட்டு விலக வேண்டாம்.

★ காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நம் ரயில் பாதையில் சேரன்மகாதேவியை அடுத்த ஊர்க்காரர். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு இணைந்து ஒலிக்கும் நாதஸ்வரம் அவருடையது. நெல்லைச் சீமைக் கல்யாணப் படத்தொகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான இசை கிடைப்பது அரிது. சேர்த்துக்கொள்ளலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. படம் வந்தது 1962இல், எனவே பதிவுக்கான காலம் 2022 முடிவோடு முடிந்துவிட்டது. ஆனால் மெட்டுக்கும் பாடல் வரிகளுக்கும் கணக்கு வேறு: படைத்தவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு மறைந்தது 1979இல், ஆக அவர் இசைக்கு 2039 வரை உரிமை இருக்கிறது. ஒரே பாட்டில் இப்படிப் பல அடுக்கு உரிமை உண்டு. கல்யாணத்திலும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. ஒரு பாட்டைப் படத்தோடு கோத்து வட்டில் பதித்துப் பலருக்கு வழங்குவதும் இணையத்தில் ஏற்றுவதும் அதற்குள் அடங்குவதாகக் கொள்ளமுடியாது. யூடியூபில் ஏற்றினால் பாட்டை இயந்திரமே அடையாளம் கண்டு, ஒலியை நிறுத்தவோ படத்தையே மறைக்கவோ செய்யலாம்.

எந்தத் தொல்லையும் இல்லாத வழி நம் கையிலேயே இருக்கிறது. தியாகராஜர் மறைந்தது 1847இல், முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில். அவர்கள் கிருதிகளுக்கு இன்று உரிமை கோர யாரும் இல்லை. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் அரசு பெற்றுப் பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. சினிமாவில் வந்த மெட்டை விட்டுவிட்டு, வீட்டுப் பிள்ளை ஒன்றைத் தனக்குத் தெரிந்த ராகத்தில் பாரதி பாட்டைப் பாடச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு உங்கள் வீட்டுச் சொத்து.

★ பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர் எதிரொலிக்கும், அதனால் மெத்தையும் துணி பீரோவும் இருக்கும் அறையே நல்லது. கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பெரியவர்கள் படத்தைப் பார்த்துப் பேசுவதையும் இப்படியே பதியலாம். அந்தப் பேச்சு வரும் இடங்களில் பாட்டின் ஒலியை 12 முதல் 15 டெசிபல் குறைத்துவிட்டால் குரல் மேலே நிற்கும். கடனா நதியில் தண்ணீர் ஓடும் சத்தத்தையும் பங்குனித் தேர் இழுக்கும்போது எழும் இரைச்சலையும் அரை நிமிடம் பதிந்து வைத்துக்கொண்டால் தொடக்கத்துக்கு உதவும்.

★ வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். வெளியூர்ச் சொந்தங்களிடம் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

★ ஸ்கேன் செய்த கோப்பில் பதிவாவது ஸ்கேன் செய்த நாள். தேதிப்படி அடுக்கச் சொன்னால் 1965ஆம் வருடத்துக் கல்யாணம், போன மாதத்துப் பேத்தி பிறந்தநாளுக்குப் பின்னால் போய் நிற்கும். கோப்புகளுக்கு 001, 002 என்று எண்ணிடுங்கள். வெறும் 1, 2 என்று எண்ணிட்டால் சில கருவிகளில் 1க்கு அடுத்து 10 வந்துவிடும்.

★ வட்டின் மேல் 4.7 ஜி.பி. என்று அச்சிட்டிருக்க, கணினி 4.38 என்று காட்டுகிறதே? வட்டில் குறையில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கணினி 1024 ஆகப் பெருக்குகிறது. நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் கொள்ளும்.

★ திரையின் வடிவத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: 4:3ஆ, 16:9ஆ. பாதியில் மாற்றினால் எல்லார் முகமும் அகலமாகவோ நீளமாகவோ ஆகிவிடும். நெட்டுக்குத்தான படத்துக்கு இருபுறமும் கறுப்பாக விடுவதில் தவறில்லை. இழுத்து நிரப்ப வேண்டாம்.

★ விண்டோஸ் மூவி மேக்கர் 2000இல் வந்தது, 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7லும் இருந்த டிவிடி மேக்கர், 8இல் இல்லை. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் நம்பியிருந்த ப்ரோஷோவைத் தயாரித்த ஃபோட்டோடெக்ஸ் நிறுவனமும் 2020 ஜனவரியோடு மூடப்பட்டது. ஆகவே மென்பொருளின் 'ப்ராஜெக்ட்' கோப்பை மட்டும் சேமித்தால் நாளை அதைத் திறக்க ஆள் இருக்காது. முடிந்த படத்தை எம்.பி.4 ஆகவும் எடுத்து வையுங்கள். இன்றைக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில், படம் கோக்க ஷாட்கட் அல்லது ஓபன்ஷாட், அதை டிவிடியாக மாற்றிப் பட்டியல் பக்கம் அமைக்க டிவிடி ஸ்டைலர். மடிக்கணினியில் வட்டுப் போடும் இடம் இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் செருகும் டிவிடி ரைட்டர் தனியாக வாங்கலாம்.

★ மண்டபத்து எல்.இ.டி. திரைக்கு டிவிடி வேண்டாம். அதற்கு 1920க்கு 1080 அளவில் எம்.பி.4 கொடுங்கள். டிவிடி வீட்டுக்கு.

★ டிவிடி-ஆர் வட்டு ஒருமுறை எழுதி முடித்தால் முடித்ததுதான். திருத்த முடியாது. எழுதுவதற்கு முன் அந்த எம்.பி.4ஐப் பென் டிரைவில் போட்டு, வீட்டு டிவியில் எல்லாரையும் உட்காரவைத்து ஓட்டுங்கள். "அது அம்பையிலே எடுத்ததில்லே, பாபநாசம்" என்று யாராவது சொல்வார்கள். திருத்த வேண்டியதையெல்லாம் அப்போதே திருத்திவிடலாம். எழுதும்போது வேகத்தை 4 அல்லது 8 மடங்குக்குக் குறைத்து வையுங்கள். முடிவில் 'ஃபைனலைஸ்', 'வெரிஃபை' இரண்டையும் விடாதீர்கள். முதலாவதை விட்டால் பல பிளேயர்களில் வட்டு ஓடாது.

★ அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பப் போகிறீர்களா? நம்முடையது பால் முறை, விநாடிக்கு 25 சட்டகம். அங்கே என்.டி.எஸ்.சி. அங்குள்ள பல பிளேயர்கள் நம் வட்டை ஏற்காது. இங்கே விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். ஒரே வட்டு இரண்டு இடத்துக்கும் வேண்டுமென்றால் என்.டி.எஸ்.சி.யில் எழுதுங்கள். சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா நாடுகளுக்கு பால் போதும்.

★ டிவிடி பிளேயர், வட்டில் உள்ள 'வீடியோ டி.எஸ்.' என்ற கோப்புறையை மட்டுமே தேடிப் படிக்கும். மற்றதை அது கண்டுகொள்ளாது. மீதி இடத்தில் தனிக் கோப்புறை போட்டு, அசல் படங்களை முழு அளவில் வைத்துவிடலாம். டிவியில் படம் ஓடும், கணினியில் செருகினால் அசலும் கிடைக்கும். பெயர்ப் பட்டியலையும் அதில் ஒரு கோப்பாகச் சேருங்கள்.

★ வீட்டில் எழுதும் வட்டில் செய்தி பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் அதற்கு ஆகாது. டிவிக்கு மேலேயும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காமல், உறையில் நிறுத்திவைத்து பீரோவுக்குள் வையுங்கள். மேலே ஒட்டும் தாள் லேபிள் வேண்டாம், சுழலும்போது சமநிலை கெடும். சிடி, டிவிடிக்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவால் நடுவளையத்தை ஒட்டி எழுதினால் போதும். இரண்டு வட்டு எழுதி ஒன்றை வேறு ஊரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டில் கொடுத்து வையுங்கள். அசல் படங்கள் ஒரு ஹார்டு டிஸ்கிலும் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் சமயத்தில், வட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இடையில் தடுமாறினால் அப்போதே புதிதாக ஒரு நகல் எழுதிவிடலாம்.